பிளேனுக்குள்ள துப்பாக்கியால சுட்டா நெஜமாவே எல்லாரையும் வெளிய இழுத்துருமா?

வண்டிக்காரன்_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து நைட் வீட்ல உக்காந்து ஒரு படம் பாத்துட்டிருந்தோம், பிளேனுக்குள்ள வில்லன் ஒரு ரவுண்டு சுடுறான், ஜன்னல் பக்கத்துல சின்னதா ஓட்டை, அடுத்த செகண்டு தலகாணி, ட்ராலி, ஆளு எல்லாம் அந்த ஓட்டைய பாத்து பறக்குது. எங்க மச்சான் இருக்காரே, "அப்படித்தான் மாப்ள நடக்கும், 35,000 அடில வெளிய காத்தே கெடையாது, பலூன்ல ஊசி குத்துன மாதிரி டப்புனு போயிரும்"ங்கறாரு. சைக்கிள் ட்யூப்ல முள்ளு குத்துனா கூட வீடு வந்து சேர்ற வரைக்கும் காத்து நிக்குதே, இது மட்டும் எப்படின்னு நான் கேட்டேன். பேச்சு முத்தி பந்தயம் ரெண்டு பிரியாணில வந்து நிக்குது. ஃபீல்டுல இருக்கறவங்க யாராவது சொல்லுங்கப்பா.

கோவை_ராஜா:
உங்க மச்சான் பக்கம் ஒரு ஓட்டு. 1988 ஏப்ரல் 28, ஹவாய்ல ஹிலோவுல இருந்து ஹொனலுலு போன அலோஹா ஏர்லைன்ஸ் 737, 24,000 அடில போயிட்டிருக்கும்போது முன்பக்க கூரை 18 அடி நீளத்துக்கு அப்படியே பிச்சிக்கிட்டு போயிருச்சு. நடைபாதைல நின்ன ஏர் ஹோஸ்டஸ் அம்மா போனது போனதுதான். பயணிங்க திறந்த லாரில போற மாதிரி வந்து இறங்கினாங்க. அது ஆரம்பிச்சதே ரிவெட் (தகட்ட சேக்கற ஆணி) ஓரத்துல கண்ணுக்கே தெரியாத விரிசல்லதான். விரிசலுக்கே அந்த கதின்னா குண்டு போட்ட ஓட்டைக்கு?

ஹேங்கர்_குமரன்:
ராஜா அண்ணே, அலோஹா கேஸ இதுல போட்டு குழப்பாதீங்க, அதுக்கு அப்புறமா வர்றேன். நான் ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ்ல 14 வருஷமா இருக்கேன், ஸ்ட்ரக்சர் வேலை பாத்திருக்கேன்.

மொதல்ல பிரஷர் எவ்ளோன்னு தெரிஞ்சுக்குங்க. வீட்டு குக்கர்ல வெயிட்டு தூக்கி விசில் அடிக்கும்போது உள்ள சுமார் 15 பிஎஸ்ஐ வெளிய விட அதிகமா இருக்கும். 35,000 அடில போற 737லயோ ஏ320லயோ உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கற வித்தியாசம் 8 பிஎஸ்ஐ சுத்திதான். அதாவது குக்கர்ல பாதி. கேபின் உள்ள தரைல இருக்கற பிரஷர வெக்கறதும் இல்ல, 6,000லேர்ந்து 8,000 அடி மலைல இருந்தா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். நீங்க ஃப்ளைட்ல போறது ஊட்டில உக்காந்திருக்கற மாதிரிதான், குளிர் மட்டும் ஏசியால வருது. அதனாலதான் மேல போனதும் முறுக்கு பாக்கெட் உப்பிக்குது.

இன்னொன்னு, இது நெறய பேருக்கு தெரியாது: பிளேன்ல ஏற்கனவே ஓட்டை இருக்கு. வால் பக்கம் கீழ அவுட்ஃப்ளோ வால்வுன்னு ஒன்னு. எஞ்சின்ல இருந்து எடுக்கற பிளீட் ஏர், பேக்னு சொல்ற குளிரூட்டி வழியா குளிர்ந்து கேபினுக்குள்ள ஓயாம வந்துட்டே இருக்கும், அதே அளவு அந்த வால்வு வழியா வெளிய போயிட்டே இருக்கும், கம்ப்யூட்டர் அத கொஞ்சம் தொறந்து கொஞ்சம் மூடி பிரஷர ஒரே அளவுல வெச்சுக்கும். உங்க குக்கர் வெயிட்டு மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆக இது கட்டி வெச்ச பலூன் இல்ல, ஒரு பக்கம் பம்ப் அடிச்சிட்டே இன்னொரு பக்கம் காத்து விட்டுட்டே ஓடற வண்டி. குண்டு போட்ட ஓட்டை அவ்ளோ கூடுதலா திறந்த ஒரு சின்ன வால்வு, அவ்ளோதான். கம்ப்யூட்டர் பெரிய வால்வ கொஞ்சம் மூடிக்கும். பாதி நேரம் பைலட்டுக்கே தெரியாது.

சந்தேகசாமி:
கணக்கு போட்டு காட்டுங்க சார். "கொஞ்சம்"னா எவ்ளோ?

ஹேங்கர்_குமரன்:
சரி, டீ ப்ரேக்ல போட்டேன். 9 மி.மீ. ஓட்டைன்னு வெச்சுக்குவோம். உள்ள 8,000 அடி பிரஷர், வெளிய 35,000 அடி. இந்த மாதிரி வித்தியாசம் இருக்கும்போது ஓட்டை வழியா காத்து ஒலி வேகத்துலதான் போகும், அதுக்கு மேல வேகமா போகாது, வெளிய இன்னும் காத்து கம்மியானாலும் அதே அளவுதான். அந்த கணக்குல செகண்டுக்கு சுமார் 10 கிராம் காத்து போகும். நிமிஷத்துக்கு 600 கிராம்.

இப்ப உள்ள வர்ற காத்து. டிசைன் ரூல் படி ஒரு ஆளுக்கு நிமிஷத்துக்கு 0.55 பவுண்டு, அதாவது 250 கிராம் புது காத்து கொடுக்கணும். 180 பேர் இருந்தா நிமிஷத்துக்கு 45 கிலோ. 45 கிலோ உள்ள வருது, ஓட்டைல போறது 600 கிராம். ஒரு ஓட்டை ரெண்டரை பயணி குடிக்கற காத்துக்கு சமம். அவ்ளோதான் அது.

இழுக்கற விசையும் பாருங்க, 9 மி.மீ. ஓட்டை மேல கட்டை விரல வெச்சா 350 கிராம் எடை இழுக்கற மாதிரி இருக்கும். விரல் கொஞ்சம் உப்பி வலிக்கும், குளிர்ல விறைக்கும். ஆள் போக மாட்டான். முன்னாடி சீட் பாக்கெட்ல இருக்கற சேஃப்டி கார்ட எடுத்து அந்த இடத்துல வெச்சா அதுவே ஒட்டிக்கும்.

வண்டிக்காரன்_திருச்சி:
அய்யோ இத மச்சானுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், டைப்பிங் டைப்பிங்னு காட்டிட்டே இருக்கு, பதில் வரல 😀

கோவை_ராஜா:
படபடன்னு 30 ரவுண்டு சுட்டா?

ஹேங்கர்_குமரன்:
30 ஓட்டைக்கு நிமிஷத்துக்கு 18 கிலோ. உள்ள 45 வருது. பேப்பர்ல இன்னும் தாங்குது. ஆனா கதவு சந்து, தண்ணி வடியற ட்ரெயின் ஹோல்னு ஏற்கனவே கசியறதும் சேரும், அவுட்ஃப்ளோ வால்வு கிட்டத்தட்ட முழுசா மூடிக்கும், அதுக்குள்ள பைலட் கீழ இறக்க ஆரம்பிச்சிருப்பாரு. எஞ்சின் பவர் குறைச்சா பிளீட் ஏரும் குறையும், அதையும் மறக்கக் கூடாது.

சந்தேகசாமி:
கணக்கெல்லாம் அழகா இருக்கு. நெஜத்துல நடந்திருக்கா?

பழைய_ஏர்மேன்:
நடந்திருக்கு தம்பி. நான் தாம்பரத்துல ட்ரெயினிங் முடிச்சு ஏர்ஃபோர்ஸ்ல 20 வருஷம் இருந்தவன், இப்ப ரிட்டயர்ட், வேலை வெட்டி இல்ல, அதனால இந்த மாதிரி கேஸ் எல்லாம் படிச்சிட்டே இருப்பேன்.

2008 மார்ச் 22, யூஎஸ் ஏர்வேஸ் ஏ319, டென்வர்ல இருந்து ஷார்லெட் போகுது. அமெரிக்கால 2001க்கு அப்புறம் சில பைலட்டுகளுக்கு ட்ரெயினிங் கொடுத்து காக்பிட்லயே துப்பாக்கி வெச்சுக்க விட்டாங்க. அந்த பைலட் லேண்டிங்குக்கு முன்னாடி துப்பாக்கிய உறைல எடுத்து வெக்கும்போது டப்புனு வெடிச்சிருச்சு. குண்டு காக்பிட் பக்கவாட்டு தகட்ட துளைச்சிட்டு வெளிய போயிருச்சு. யாரும் பறக்கல, யாருக்கும் அடி இல்ல, எதுவுமே நடக்காத மாதிரி இறங்கிட்டாங்க.

2022 செப்டம்பர் 30, மியான்மர் நேஷனல் ஏர்லைன்ஸோட ஏடிஆர் பிளேன், லோய்கா ஊர்ல இறங்கப் போகுது, 3,500 அடில கீழ இருந்து வந்த குண்டு தரைய துளைச்சு ஒரு பயணியோட கன்னத்துல பாஞ்சிருச்சு. பிளேன் இறங்கிருச்சு. 2014 ஜூன்ல பெஷாவர்ல பிஐஏ ஏ310 மேல கீழ இருந்து சுட்டாங்க, ரியாத்ல இருந்து வந்த பிளேன், ஒரு பெண் பயணி செத்துட்டாங்க. 2024 நவம்பர்ல ஹைட்டில போர்ட்டோ பிரின்ஸ்ல இறங்கப் போன ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் பிளேன் மேல கேங்கு ஆளுங்க சுட்டு ஏர் ஹோஸ்டஸ் ஒருத்தங்களுக்கு உரசிட்டு போச்சு, பக்கத்து நாட்டுக்கு திருப்பிட்டாங்க.

கவனிங்க, இதுல அடிபட்டவங்க, செத்தவங்க எல்லாருமே குண்டாலதான். காத்தால ஒருத்தரும் இல்ல.

சந்தேகசாமி:
ஐயா தப்பா நெனக்காதீங்க, நீங்க சொன்ன எல்லாமே இறங்கற நேரம். தரைக்கு பக்கத்துல உள்ளயும் வெளியயும் கிட்டத்தட்ட ஒரே பிரஷர், அப்ப ஓட்டை விழுந்தா என்ன விழலன்னா என்ன? உயரத்துல காட்டுங்க.

பழைய_ஏர்மேன்:
சபாஷ், சரியான கேள்வி, இத யாரும் கேக்கலயேன்னு பாத்தேன். 1970 செப்டம்பர் 6, ஆம்ஸ்டர்டாம்ல இருந்து நியூயார்க் கிளம்புன, இஸ்ரேலோட எல் ஆல் கம்பெனி 707. கடத்த வந்த ரெண்டு பேருக்கும் காவலுக்கு இருந்தவங்களுக்கும் ஆகாயத்துலயே துப்பாக்கிச் சண்டை. ஸ்டூவர்ட் (கேபின் ஊழியர்) ஒருத்தர் மேல பல குண்டு. பைலட் ஊரி பார்லெவ் என்ன பண்ணாருன்னா மூக்க கீழ குத்தி பிளேன பாய விட்டாரு, நின்னுட்டிருந்தவங்களுக்கு கால் தரைல பாவல. உயரமும் குறஞ்சிருச்சு, கடத்தல்காரங்களும் சரிஞ்சாங்க, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. லண்டன்ல பத்திரமா இறக்கிட்டாரு. ஸ்டூவர்டும் பொழச்சுக்கிட்டார்.

குண்டுக்கு மேல பெரிய ஓட்டையும் இருக்கு. 2008 ஜூலை 25, ஹாங்காங்ல இருந்து மெல்போர்ன் போன குவான்டாஸ் 747, 29,000 அடில கீழ கார்கோல இருந்த ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்னு வெடிச்சு பக்கவாட்டுல ஆள் நொழையற அளவுக்கு ஓட்டை. 360 பேருக்கு மேல இருந்தாங்க. ஒருத்தருக்கும் காயம் இல்ல, மணிலால இறக்கினாங்க. 9 மி.மீ. எங்க, இது எங்க.

கோவை_ராஜா:
அப்ப ஆள இழுத்ததே இல்லயா? நான் படிச்சிருக்கேனே.

ஹேங்கர்_குமரன்:
இருக்கு. ஜன்னல் *முழுசா* போனா. கண்ணாடி அளவு பரப்புக்கு 8 பிஎஸ்ஐன்னா மொத்தமா 400, 500 கிலோ தள்ளும், பக்கத்து சீட்ல இருக்கறவரால தாக்குப்புடிக்க முடியாது. 1973 நவம்பர் 3, நேஷனல் ஏர்லைன்ஸ் டிசி-10, 39,000 அடி, எஞ்சின் விசிறி பிஞ்சு ஜன்னல உடைச்சுது, ஒருத்தர் வெளிய போயிட்டாரு. 2018 ஏப்ரல் 17 சவுத்வெஸ்ட் 1380, அதே கதை, எஞ்சின் துண்டு பட்டு ஜன்னல் போச்சு, ஒரு அம்மா பாதி வெளிய, உள்ள இழுத்தும் காப்பாத்த முடியல. 1990ல பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல காக்பிட் கண்ணாடியே கழண்டு கேப்டன் பாதி வெளிய, ஸ்டூவர்ட் அவர் கால புடிச்சிட்டே இருந்தாரு, அவர் உயிரோட வந்தாரு. அந்த கண்ணாடிய மாட்டுனவர் தப்பு சைஸ் போல்ட் போட்டிருந்தாரு.

குண்டு ஜன்னல்ல பட்டாலும் இப்படி ஆகுமான்னு கேப்பீங்க. பயணி ஜன்னல் வீட்டு கண்ணாடி இல்ல, இழுத்து வலுவாக்குன அக்ரிலிக். தூள் தூளா போகாது, குண்டு துளைச்சிட்டு போகும், சுத்தி கொஞ்சம் விரிசல் விடும். மூணு பலகை இருக்கும், வெளிப்பலகை பழுதானாலும் நடுப்பலகை பிரஷர தாங்கற மாதிரிதான் டிசைன். உங்க மூக்கு படற உள்பக்க பலகை சும்மா, கீறல் விழாம இருக்க.

அலோஹாவுக்கு வர்றேன்னு சொன்னேன்ல ராஜா அண்ணே. அந்த பிளேன் 89,680 தடவை ஏறி இறங்கியிருந்துது. தீவுக்கு தீவு குட்டி குட்டி பயணம், உப்புக் காத்து, தகடு ஒட்டுன பசை விட்டுப் போச்சு, வரிசையா இருந்த ரிவெட் ஓட்டை ஒவ்வொன்னுலயும் சின்ன விரிசல். தபால் தலைல ஓட்டை வரிசை இருக்குமே, அந்த மாதிரி. ஒன்னு விட்டதும் எல்லாம் ஒன்னா சேந்து கிழிஞ்சுது. நல்ல தகட்டுல நடுவுல ஒரே ஒரு ஓட்டை விழுந்தா அப்படி ஓடாது, ஃப்ரேமும் உள்பக்கம் ஒட்டியிருக்கற பட்டியும் கிழிசல நிறுத்திரும்.

மேகலா_எம்:
இவ்ளோ நேரம் ஆம்பளைங்களே பேசிட்டிருக்கீங்க, நான் 9 வருஷம் கேபின் க்ரூவா இருந்தேன், சொல்லட்டுமா?

கதவு சீல் தேஞ்சு போயிருந்தா மேல போனதும் விசில் அடிக்கும், பேய் ஊளையிடற மாதிரி, பக்கத்துல க்ரூவுக்கான ஜம்ப் சீட்ல நாமதான் உக்காந்திருப்போம், அஞ்சு மணி நேரம். ஒரு தடவ சத்தம் தாங்காம சீனியர் அக்கா டிஷ்யூ பேப்பர தண்ணில நனச்சு அந்த சந்துல வெச்சாங்க, சுர்ருனு உறிஞ்சி புடிச்சிக்கிச்சு, கொஞ்ச நேரத்துல கல்லு மாதிரி உறைஞ்சிருச்சு, சத்தம் நின்னுச்சு. இறங்குனதும் லாக் புக்ல எழுதிட்டோம். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. குமரன் சார் சொல்ற கட்டை விரல் கணக்கு எனக்கு அப்பவே கண்ணுல தெரிஞ்சிருச்சு.

ஆனா ஒன்னு சொல்லணும். எங்க ட்ரெயினிங்ல பயமுறுத்துனது டமார்னு வெடிக்கறது இல்ல. சத்தமே இல்லாம மெதுவா போறது. டமார்னா எல்லாருக்கும் தெரியும், உள்ள பனிமூட்டம் மாதிரி வரும், காது அடைக்கும், மாஸ்க் விழும், போட்டுக்குவீங்க. மெதுவா போனா மூளைக்கு ஆக்சிஜன் குறையறது உங்களுக்கே தெரியாது, ஜாலியா இருக்கும், சிரிப்பு வரும், நகம் நீலமாகும், அப்படியே தூங்கிருவீங்க.

2005 ஆகஸ்ட் 14 ஹீலியோஸ் 522. சைப்ரஸ்ல லார்னகால இருந்து ஏதென்ஸ். நைட்டு மெயின்டனன்ஸ்ல பிரஷர் டெஸ்ட் பண்ணிட்டு பிரஷர் சுவிட்ச ஆட்டோவுக்கு மாத்தாம மேனுவல்லயே விட்டுட்டாங்க, பைலட்டும் பாக்கல. பிளேன் உடம்புல ஒரு ஓட்டையும் இல்ல, குண்டும் இல்ல. அவுட்ஃப்ளோ வால்வு தொறந்தே இருந்துது, அவ்ளோதான். அலாரம் அடிச்சுது, அது தரைல அடிக்கற வேற ஒரு வார்னிங் சத்தமேதான், அதனால தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. 121 பேரும் செத்துட்டாங்க. எரிபொருள் தீர்ற வரைக்கும் ஆட்டோபைலட்டே ஓட்டிட்டிருந்துது.

நம்ம நாட்டுலயும் 2018 செப்டம்பர் 20, மும்பை டு ஜெய்ப்பூர் ஜெட் ஏர்வேஸ், பிளீட் சுவிட்ச் போட மறந்துட்டாங்க, 30 பேருக்கு கிட்ட மூக்குல ரத்தம், காது வலி. திரும்பி மும்பைக்கே வந்தாங்க.

வண்டிக்காரன்_திருச்சி:
மேகலா அக்கா, மாஸ்க் விழுந்தா எவ்ளோ நேரம் இருக்கு நமக்கு?

மேகலா_எம்:
35,000 அடில மொத்தமா பிரஷர் போனா சுயபுத்தியோட இருக்கறது 30 செகண்டுலேர்ந்து ஒரு நிமிஷம். அதனாலதான் "மொதல்ல உங்க மாஸ்க்"னு தொண்டை வத்த சொல்றோம், நீங்க எல்லாம் ஃபோன பாத்துட்டிருப்பீங்க. கேபின் உயரம், அதாவது உள்ள இருக்கற பிரஷர் எந்த உயரத்துக்கு சமமோ அது, 14,000 அடிய தொடும்போது அது தானா விழும். புடிச்சு *இழுக்கணும்*, இழுத்தாதான் மேல இருக்கற கெமிக்கல் ஜெனரேட்டர் ஓடும். பை உப்பலன்னு கழட்டிராதீங்க, காத்து வந்துட்டுதான் இருக்கும். லேசா கருகுன வாசனை வரும், பயப்படாதீங்க, அது அந்த ஜெனரேட்டர் சூடு. ஆக்சிஜன் 12லேர்ந்து 15 நிமிஷம் வரும். பைலட் அதுக்குள்ள 10,000 அடிக்கு இறக்கிருவாரு.

திருமலை_சுதன்:
வணக்கம் எல்லாருக்கும். பழைய ஏர்மேன் ஐயா, சண்டை விமானங்களுக்கு இது எப்பிடி? அவைக்கு குண்டு படும் எண்டு தெரிஞ்சுதானே போறவை. கேபின்ல காத்த அடைச்சு வச்சுக்கொண்டு சண்டைக்குப் போனா?

பழைய_ஏர்மேன்:
அருமையான கேள்வி சுதன். இதுக்கு பதில் பி-29. ரெண்டாம் உலகப் போர்ல பெரிய அளவுல தயாரிச்ச, கேபின் பிரஷர் இருந்த மொத குண்டுவீச்சு விமானம். முன்னாடி ஒரு அறை, நடுவுல ஒன்னு, வால்ல கன்னருக்கு (துப்பாக்கி இயக்கறவருக்கு) தனியா ஒன்னு. குண்டு அடுக்கற இடத்துக்கு பிரஷர் கெடையாது, கதவு தொறக்கணுமே. அதனால முன்னாடியும் நடுவுலயும் இருக்கறவங்க போக வர மேல ஒரு குழாய், 30 அடிக்கு மேல நீளம், ஆள் தவழ்ந்துதான் போகணும்.

சண்டை நடக்கற இடம் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாங்கன்னா, எல்லாரும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுக்குவாங்க, கேபின் பிரஷர குறைச்சிருவாங்க. சட்டுனு குண்டு பட்டு அறை போனாலும் அதிர்ச்சி கம்மியா இருக்கும், மாஸ்க்கும் ஏற்கனவே மூஞ்சில இருக்கும். அந்த குழாய்ல ஆள் தவழும்போது ஒரு பக்கம் பிரஷர் போச்சுன்னா அவன் துப்பாக்கிக் குண்டு மாதிரி மறுபக்கம் வந்து விழுவான், அதனால சண்டைல அதுல போகக் கூடாது.

பக்கவாட்டுல கன்னர் உக்கார பெரிய கண்ணாடி குமிழ் இருக்கும், பயம் அதுலதான். 1945 ஜனவரில நகோயா மேல, 29,000 அடி, ஒரு பி-29 குமிழ் பிச்சிக்கிட்டு போயி கன்னர் வெளிய. உடம்புல கட்டியிருந்த பெல்ட்டு புடிச்சிக்கிச்சு. பல நிமிஷம் வெளிய தொங்கிட்டே இருந்தவர கூட இருந்தவங்க உள்ள இழுத்துப் போட்டாங்க. பொழச்சிட்டாரு. பாருங்க, அங்கயும் தகட்டுல விழுந்த குண்டு ஓட்டை இழுக்கல, பெரிய கண்ணாடி முழுசா போனதுதான் இழுத்துது.

திருமலை_சுதன்:
ஐயா, பி-29 எங்கட திருகோணமலை சீனக்குடாவில இருந்தும் வெளிக்கிட்டது தெரியுமோ? 1944 ஆகஸ்ட்ல இந்தோனேசியா பக்கம் பலெம்பாங் எண்ணெய் ஆலைக்கு குண்டு போட. எங்கட அம்மப்பா அப்ப சின்னப் பெடியன், அந்தச் சத்தத்தில வீட்டு ஓடெல்லாம் அதிர்ந்ததெண்டு கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவர்.

பழைய_ஏர்மேன்:
தெரியும் சுதன், இந்தியால கரக்பூர்ல இருந்து கொண்டு வந்து அங்க எரிபொருள் ரொப்பிட்டு போனாங்க. உங்க அம்மப்பா பாத்தது மேல போற பி-29ன்னா அதுக்குள்ள 11 பேர் இருந்திருப்பாங்க, இன்னும் மாஸ்க் போடாம, சட்டையோட.

கோவை_ராஜா:
சரி சரி ஒத்துக்கறேன். அப்ப பிளேனுக்குள்ள சுடறது பிரச்சனையே இல்லன்றீங்களா? செக்கிங்ல எப்படி உள்ள கொண்டு போறாங்கன்னு தெரிஞ்சா…

ஹேங்கர்_குமரன்:
அண்ணே அந்த ரூட்டு வேணாம், இங்க பேச வேண்டிய விஷயம் இல்ல அது.

பிரச்சனை இல்லன்னு யார் சொன்னா? ஓட்டை பிரச்சனை இல்ல. குண்டு தகட்டுக்கு போற வழில என்னத்த தொட்டுது, அதுதான் பிரச்சனை. மொத எதிரி காக்பிட்ல இருக்கற மனுஷன் மேல படறது. 1964 மே 7ல பசிஃபிக் ஏர்லைன்ஸ்ல ஒரு பயணி பைலட்டுகள சுட்டான், 44 பேரும் போனாங்க. 1987 டிசம்பர் 7, பிஎஸ்ஏங்கற அமெரிக்க கம்பெனியோட 1771, வேலைய விட்டு தூக்குன ஒருத்தன் அதே வேலைய பண்ணான், 43 பேர். ரெண்டுலயும் பிளேனுக்கு ஓட்டையால ஒன்னும் ஆகல, ஓட்ட ஆள் இல்லாம போச்சு.

அடுத்தது ஹைட்ராலிக் குழாய், வயர். 2024 டிசம்பர் 25 அஜர்பைஜான் ஏர்லைன்ஸ் எம்ப்ரேயர், ரஷ்யால க்ரோஸ்னி பக்கம் ஏவுகணைத் துண்டு பட்டு சல்லடையா போச்சு. அதுக்கப்புறமும் காஸ்பியன் கடல தாண்டி பறந்துது! ஆனா ஹைட்ராலிக் போயிருச்சு, வால ஆட்ட முடியல, எஞ்சின் பவர வெச்சே திருப்பி திருப்பி கஜகஸ்தான்ல அக்டாவ் பக்கத்துல விழுந்துது. 67 பேர்ல 38 பேர் போயிட்டாங்க. ஓட்டை எத்தனை இருந்துதுன்னு ஃபோட்டோ பாத்தீங்களா? வால் பூரா. காத்து போனதால விழல.

சந்தேகசாமி:
அப்ப குண்டு ஒன்னும் தொடாம தகட்ட மட்டும் துளைச்சா? இறங்கி பேட்ச் போட்டா முடிஞ்சுதா?

ஹேங்கர்_குமரன்:
இங்கதான் நான் சொல்ல நெனச்சது இருக்கு. பேட்ச் ஒழுங்கா போடலன்னா, குண்டு செய்யாதத அது செய்யும். இன்னைக்கு இல்ல, 20 வருஷம் கழிச்சு.

ஒவ்வொரு தடவ ஏறி இறங்கும்போதும் உடம்பு உப்பி சுருங்குது. குண்டு போட்ட ஓட்டைக்கு ஓரம் பிசிறு பிசிறா இருக்கும், அந்த பிசிறுலதான் விரிசல் பொறக்கும். அதனால அந்த இடத்த சுத்தமா வட்டமா வெட்டி எடுத்து, ஓரம் வழுவழுன்னு தேச்சு, மேல டப்ளர்ங்கற ஒட்டுத் தகடு வெச்சு, க்ளீக்கோங்கற தற்காலிக ஊசி போட்டு நிறுத்தி, சந்த அடைக்கற சீலன்ட் தடவி, வரிசை வரிசையா ரிவெட் அடிக்கணும், ஒரு ஆள் வெளிய ரிவெட் அடிக்கற கன்னு, ஒரு ஆள் உள்ள முட்டுக் கொடுக்கற பக்கிங் பார். எத்தனை வரிசை, எவ்ளோ இடைவெளி எல்லாம் மேனுவல்ல இருக்கும், நம்ம இஷ்டத்துக்கு இல்ல.

1978ல ஒசாகால ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 ஒன்னு வால தரைல தட்டிருச்சு. பின்னாடி பிரஷர் சுவர்ல ரிப்பேர். ஒரே தகடா போட வேண்டியத ரெண்டா வெட்டி போட்டாங்க, ரெண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய இடத்துல ஒரே வரிசை. 12,000 தடவைக்கு மேல பறந்துது. 1985 ஆகஸ்ட் 12 அந்த சுவர் விட்டுச்சு, உள்ள இருந்த காத்து வால் செட்டையையே பேத்துக்கிட்டு போச்சு, நாலு ஹைட்ராலிக்கும் காலி. 520 பேர்.

சைனா ஏர்லைன்ஸ் 611 கேளுங்க, 1980ல வால் தட்டுனது, கீறல் விழுந்த தகட்ட எடுக்காம மேலயே டப்ளர் போட்டு மூடிட்டாங்க. 22 வருஷம். 2002 மே 25 தைவான் கடல் மேல நடுவானத்துல பிஞ்சுது, 225 பேர். அதுக்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோல அந்த டப்ளர் ஓரம் பழுப்பா கறை. என்ன கறை தெரியுமா? சிகரெட்டு. பிளேன்ல புகை பிடிச்ச காலத்துல உள்ள இருந்த புகை விரிசல் வழியா கசிஞ்சு வெளிய கோடு போட்டிருக்கு. பழைய ஆளுங்க அந்த நிக்கோடின் கறைய பாத்தே கசிவு கண்டுபிடிப்பாங்க, இப்ப புகை தடை, எங்களுக்கு அந்த துப்பு இல்ல.

என் கதை ஒன்னு. ட்ரெயினியா இருந்தப்ப பழைய சீலன்ட்ட சுரண்டச் சொன்னாங்க, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் வேற ஒருத்தன் கைல இருந்துது, நான் பேப்பர் வெட்டற பிளேட எடுத்து சரசரன்னு சுரண்டிட்டேன், பளபளன்னு வந்துது, எனக்கே பெருமை. எங்க சார் வந்தாரு, ஒன்னும் பேசல, கட்டை விரல் நகத்த அந்த இடத்துல குறுக்க இழுத்தாரு. நகம் ஒரு இடத்துல தட்டுச்சு. முடி மாதிரி ஒரு கோடு. அந்த தகடே ஒரு மி.மீ. சொச்சம்தான், அதுல நான் கோடு போட்டு வெச்சிருக்கேன். கொடுத்தாரு பாருங்க ஒன்னு, வார்த்தைலதான், ஆனா ஒரு வாரம் சோறு இறங்கல. அந்த பேனல் பூரா திரும்ப இன்ஸ்பெக்ஷன் போச்சு. இன்னைக்கும் எந்த தகட்ட தொட்டாலும் மொதல்ல நகத்த இழுத்து பாப்பேன், வீட்டு கேஸ் அடுப்பு வரைக்கும்.

மேகலா_எம்:
இத படிச்சிட்டு இனிமே மெயின்டனன்ஸ் டிலேன்னு சொன்னா கத்த மாட்டேன்னு ரெண்டு பயணி சொன்னா போதும் எனக்கு 🙏

வண்டிக்காரன்_திருச்சி:
மச்சான் பதில் வந்துருச்சு. "ஜன்னல் முழுசா போனா இழுக்கும்னு அவங்களே சொல்றாங்கல்ல, அப்ப பாதி நான் ஜெயிச்சேன்"ங்கறாரு. ஒரு பிரியாணில செட்டில் பண்ணிக்கிட்டோம், அதுலயும் லெக் பீஸ் அவருக்காம்.

கடைசியா ஒன்னு, என் பையன் கேக்கறான். ஜன்னல்ல கீழ்ப்பக்கம் குட்டியா ஒரு ஓட்டை இருக்கே, அத யாரு சுட்டாங்கன்னு.

ஹேங்கர்_குமரன்:
ஹா ஹா, தம்பிய ஹேங்கருக்கு அனுப்பி வைங்க. அது நடுப்பலகைல வேணும்னே போட்டது, ப்ரீதர் ஹோல்னு சொல்வோம். கேபின் காத்து அது வழியா போயி வெளிப்பலகைக்கும் நடுப்பலகைக்கும் நடுவுல நிக்கும், அதனால பிரஷர் பூரா வெளிப்பலகை மேலயே விழும், நடுவுல இருக்கறது சும்மா ஸ்பேரா காத்துட்டிருக்கும். ஈரமும் அதுலதான் வெளிய வரும். அடுத்த தடவ ஜன்னல் சீட் கெடச்சா ஒரு மணி நேரம் கழிச்சு அந்த ஓட்டைய பாக்கச் சொல்லுங்க, அத சுத்தி மட்டும் பனி பூ மாதிரி உக்காந்திருக்கும்.